ஹண்டர் நோய் உள்ள 4 வயது மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன்: மயக்க மருந்து கொடுக்கலாமா?

மலையோரத்து அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரத்துக்கு மேலே, பேச்சிப்பாறை போகிற வழியில் இருக்கிறோம். எனக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. எழுதிப் பழக்கம் இல்லை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 4 வயது முடிந்து 2 மாதம். 14 கிலோ இருக்கிறான். 3 வாரத்துக்கு முன்னால்தான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. எம்.பி.எஸ். 2 (மியூகோபாலிசாக்கரிடோசிஸ் இரண்டாம் வகை), ஹண்டர் நோய் என்றார்கள். முதலில் மூத்திரத்தில் ஒரு டெஸ்ட், அப்புறம் ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பி இன்னொரு டெஸ்ட். ஐடூரோனேட்-2-சல்ஃபடேஸ் என்று ஒரு என்சைம். அது அவன் உடம்பில் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவாம். இந்தப் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், எங்கே போனாலும் கேட்கிறார்கள்.

ஒன்றரை வயது வரை ஒரு குறையும் தெரியவில்லை. அங்கன்வாடியில் எடை பார்க்கிற டீச்சர், இந்த சென்டரிலேயே உங்கள் பிள்ளைதான் புஷ்டி என்பார். பிறகு வயிறு மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. பூச்சி மருந்து கொடுத்தோம். காதில் மாதம் ஒரு தடவை சீழ் வரும். மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. விரல்கள் நேராக நீளாது; தம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவான். ஸ்கேனில் கல்லீரலும் மண்ணீரலும் நன்றாக வீங்கியிருக்கிறது. தொப்புள் தள்ளியிருக்கிறது. இரண்டு தொடை இடுக்கிலும் குடலிறக்கம் உண்டு. அழுதால் கோழிமுட்டை அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும்.

இனி ராத்திரி விஷயம். நான் 3 மணிக்கு எழுந்து வெட்டுக்குப் போகிறவன். அவன் குறட்டை, எண்ணெய் போடாத ரப்பர் ஷீட் மெஷினைச் சுற்றுகிற மாதிரி இருக்கும். அது பழகிவிட்டது. நடுவில் அது நின்றுபோவதுதான் பழகவில்லை. நெஞ்சு ஏறி இறங்கும், விலாவுக்குக் கீழே குழி விழுகிற மாதிரி இழுக்கும், ஆனால் மூச்சுச் சத்தம் இருக்காது. போன வாரம் தலை லைட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். 11 வரை போனது. அப்புறம் விக்கல் மாதிரி ஒன்று வந்து திரும்ப ஓடத் தொடங்கியது. மறுபடி நிற்கிறதா, எத்தனை எண்ணுகிறேன் என்று உட்கார்ந்திருந்ததில் அன்றைக்கு வெட்டே போச்சு.

நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழக்கிழமை குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். சின்ன வேலைதான், காலையில் வந்தால் சாயந்திரம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எம்.பி.எஸ். என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். ஆனால் வளைகுடாவில் நர்ஸாக இருக்கிற என் மனைவியின் சித்தி மகள் நேற்று போன் செய்து, இந்தப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து ஆபத்து, கொடுக்கவே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து மனைவி சாப்பிடவில்லை.

வியாதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் என்றால் மூச்சு ஏன் முட்டுகிறது? ஆபரேஷன் செய்யலாமா, வேண்டாமா? வாராவாரம் போடுகிற என்சைம் ஊசி ஒன்று இருக்கிறதாமே, அதை எங்கள் மாதிரி ஆட்கள் நினைத்துப் பார்க்க முடியுமா? இலை உதிர்கிற காலத்தில் 2 மாதம் எனக்கு வெட்டு வேலையும் கிடையாது.

வீட்டில் என் அம்மா வேறு, இது மருமகள் வீட்டு ரத்தம் என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கிறார். மச்சினி இப்போது 2 மாதமாக முழுகாமல் இருக்கிறாள். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று இதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

கோட்டாறு ஊர்க்காரன்:

சொந்தத்தில் கல்யாணமா தம்பி? பெரும்பாலும் அதனால்தான் வரும். வயிற்றுக் கட்டிக்கு நம்ம பக்கம் ஒரு வைத்தியர் கஷாயம் கொடுக்கிறார், 48 நாளில் கரைந்துவிடும். ஆபரேஷன் எல்லாம் எதற்கு?

குளச்சல் அக்கா:

தம்பி, வியாழக்கிழமை ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மீதியை மனைவிக்கும் கஞ்சி கொடுத்துவிட்டு இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள்.

என் மகனுக்கும் இதே ஹண்டர்தான். இப்போது 11 வயது. நீங்கள் எழுதியதில் தம்ளரை மணிக்கட்டால் தூக்குவது வரை வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். அப்படியே அவன்தான்.

முதலில் ஊர்க்காரர் அண்ணனுக்கு. கஷாயத்தில் கரைவதற்கு அது கட்டி இல்லை. கல்லீரலும் மண்ணீரலும்தான் வீங்கியிருக்கின்றன. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் கூடுகிற எம்.பி.எஸ். வகைகளும் இருக்கின்றன, ஆனால் ஹண்டர் அந்தக் கணக்கில் வராது. இது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற கோளாறு. தம்பி தன் மாமா மகளைக் கட்டியிருந்தாலும், கண்டம் விட்டுக் கண்டம் போய்க் கட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

மூச்சு ஏன் முட்டுகிறது என்று கேட்டீர்கள். உடம்பில் எலும்பு, தோல், நரம்பு எல்லாவற்றுக்கும் இடையில் பசை மாதிரி ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. பழையதை உடைத்துப் புதியதைச் செய்துகொண்டே இருக்கும். உடைக்கிற கத்தியில் ஒன்றுதான் உங்கள் மனப்பாடப் பெயர். அது இல்லாததால் பழையது போக வழியில்லாமல் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தங்கிவிடுகிறது. மீன் ஏலம் போடுகிற இடத்தைக் கழுவுகிற ஆள் ஒரு வாரம் வராவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. கல்லீரலும் மண்ணீரலும் வயிற்றில் இருப்பதால் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே சரக்குதான் நாக்கிலும், டான்சிலிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டிலும், தொண்டைச் சுவரிலும், மூச்சுக்குழாயிலும் சேர்கிறது. நாம் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான். வழி குறுகி, உள்ளே சளியும் கெட்டியாக நிற்கும். விலா எலும்புகள் அகலமாகி நெஞ்சுக்கூடு விரியாது. அவன் மல்லாந்து படுத்தால் வீங்கின கல்லீரல் கீழேயிருந்து உதரவிதானத்தை நெஞ்சுக்குள் தள்ளும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்ததும், இருக்கிற இத்தனூண்டு வழியும் அடைத்துக்கொள்ளும். நீங்கள் 11 வரை எண்ணியது அதைத்தான். தூக்கத்திலேயே இப்படி என்றால் மயக்க மருந்தில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவனுக்கு 5 வயது, நோய் என்னவென்றே தெரியாது. காதில் நீர் கோர்த்துக் காது கேட்கவில்லை என்று குட்டி டியூப் வைக்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பெயர் வேண்டாம். கால் மணி நேர வேலை என்றார்கள். காது வேலை கால் மணி நேரத்தில் முடிந்தும்விட்டது. தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்தவுடன் உள்ளே வீங்கி அடைத்துவிட்டது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது, நான் பார்த்தேன். நாவல்பழம் தின்ற மாதிரி உதடு. திரும்பக் குழாய் போடுவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. 2 நாள் வெண்டிலேட்டரில் இருந்தான். மயக்க டாக்டர்தான் வெளியே வந்து, அம்மா, இவன் கழுத்தும் நாக்கும் வயிறும் சாதாரணமாக இல்லையே, யாராவது எம்.பி.எஸ். பார்த்தார்களா என்று கேட்டார். எங்களுக்கு நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'கடினமான மூச்சுப்பாதை' என்று பெரிய எழுத்தில் எழுதினார். அதை லேமினேட் செய்து எப்போதும் என் பையில் வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.

அதற்காக மயக்க மருந்தே கூடாது என்று சித்தி மகள் சொன்னதும் சரியில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் தேவைப்படும், ஒன்றோடு நிற்கவும் நிற்காது. எங்கே, யார், என்ன ஏற்பாட்டோடு என்பதுதான் கேள்வி. குழந்தைகளுக்கென்று ஐ.சி.யூ. இருக்க வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டர் தியேட்டருக்குள்ளேயே நிற்க வேண்டும். மயக்க டாக்டர் இதற்கு முன் எம்.பி.எஸ். பிள்ளையைப் பார்த்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். செய்வதை எல்லாம் ஒரே மயக்கத்தில் செய்துவிட வேண்டும். குடலிறக்கத்துக்கு ஒரு தடவை, டான்சிலுக்கு ஒரு தடவை, காதுக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை அந்தக் கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது.

குடலிறக்கம் உள்ளே போய் வருகிற வரை அவசரம் இல்லை. ஆனால் ஒரு நாள் அது கல் மாதிரி கட்டியாகி, உள்ளே போகாமல், நிறம் மாறி, பிள்ளை வாந்தி எடுத்து அழுதால் ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஓடுங்கள், வாசலிலேயே எம்.பி.எஸ். என்று சொல்லுங்கள்.

நீங்கள் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிற எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரிய நோய்களுக்கு மத்திய அரசு குறித்திருக்கிற உயர் சிகிச்சை மையங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. கேரளாக்காரர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2021 அரிய நோய்க் கொள்கையின்படி பக்கத்தில் இருக்கிற மையத்துக்குப் போகலாம். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் களியக்காவிளை தாண்டி நேரே போய்விடலாம், நம் ஊரில் நிறையப் பேர் மலையாளம் பேசுகிறவர்கள்தானே. அந்தத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. ஹண்டரும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் வேகம் குறைந்த வகைக்குத்தான். மூளையைப் பிடித்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அதைப் பற்றிய பேச்சு வரும்போது கலங்காமல், பிள்ளை என்னென்ன பேசுகிறான், என்னென்ன செய்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போனால் நல்லது.

ஊசிக் கணக்கு இது. ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம், வாரம் ஒரு முறை, 3 மணி நேரம் சொட்டுச் சொட்டாக. ஒரு குப்பியில் 6 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு குப்பி சரியாக வரும். உங்கள் மகனுக்கு 14 கிலோ என்றால் 7 மில்லிகிராம், இரண்டாவது குப்பியைத் திறந்தாக வேண்டும். பிள்ளை வளர வளரக் குப்பி கூடும், 50 லட்சம் அதே வேகத்தில் கரையும். அதனால் பணம் கிடைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

என்ன பலன் கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் மகனுக்கு எட்டரை வயதில் தொடங்கினோம். 6 மாதத்தில் டவுசர் இடுப்பு 2 விரல் தளர்ந்தது, கல்லீரல் நன்றாகச் சுருங்கிவிட்டது. முன்பு படி ஏறினால் பாதியில் உட்காருவான், இப்போது ஏறிவிட்டுத்தான் உட்காருகிறான். குறட்டை அப்படியே இருக்கிறது. இதய வால்வு தடித்தது தடித்ததுதான், வருஷம் ஒரு தடவை எக்கோ எடுக்கிறோம். ரத்தத்தில் போடுகிற இந்த மருந்து மூளைக்குள் நுழையாது. மூளைக்கும் போகிற மாதிரி ஒரு மருந்துக்கு ஜப்பானில் 2021-ல் அனுமதி கொடுத்தார்கள். நமக்கு அது எட்டாக்கனி.

ராத்திரிக்கு சிபாப் இயந்திரம் வைத்திருக்கிறோம். காற்றை அழுத்தி ஊதித் தொண்டையைத் திறந்தே வைக்கும். முதல் 10 நாள் முகமூடியைப் பிய்த்து எறிந்தான். எங்கள் ஊரில் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் உண்டு. அவன் மாமா முங்கும்போது போடுகிற கண்ணாடியைக் கொண்டுவந்து, நானும் முங்கப் போகிறேன், நீயும் முங்கப் போகிறாய் என்று பக்கத்தில் படுத்தார். மாமா அந்தக் கண்ணாடியோடேயே தூங்கிப்போனார். அன்றைக்குத்தான் இவனும் முகமூடியோடு விடிய விடியத் தூங்கினான். காலையில் இரண்டு பேர் கன்னத்திலும் ஒரே மாதிரி வார்த் தடம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டது. மச்சினி 2 மாதமாக முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் மனைவி இதைச் சுமப்பவராக இருந்தால், அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருந்தால், தங்கைக்கும் இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. தங்கைக்கு இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் இரண்டில் ஒரு பங்கு. சில வீட்டில் பிள்ளையிடமே புதிதாகத் தோன்றியிருக்கும், அம்மாவுக்கே இருக்காது. டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். முதலில் பிள்ளையின் ஜீனில் எந்த இடத்தில் மாற்றம் என்று கண்டுபிடித்து, அதை வைத்துப் பெரியவர்களைப் பார்ப்பார்கள். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு 11-வது வாரம் வாக்கில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்க்க முடியும். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது தம்பி. பயமுறுத்தக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் மறைத்தீர்கள், ஆனால் முடிவு எடுக்க வேண்டியவள் அவள்.

தக்கலை தியேட்டர் தம்பி:

அண்ணே, நான் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா எழுதியதற்கு மேல் எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் என்ன என்று மட்டும் எழுதுகிறேன்.

4 வயதுப் பிள்ளை என்றால் கணக்குப்படி 5-ம் நம்பர் குழாயை எடுத்து வைப்போம். எம்.பி.எஸ். பிள்ளைக்கு அது நுழையாது. 4, மூன்றரை என்று சின்னது எல்லாம் பிரித்துத் தயாராக இருக்க வேண்டும். வாய் முழுசாகத் திறக்காது, நாக்கு பெரிது, கழுத்து குட்டை. தொண்டைக்குள் பார்க்கிற சாதாரண லாரிங்கோஸ்கோப்பை வைத்தால் நாக்குதான் தெரியும், குரல்வளை தெரியாது. கேமரா வைத்த வளைகிற ஸ்கோப் கையில் இருக்க வேண்டும். வயது ஏற ஏற இது கடினமாகும், போன வருஷம் சுலபமாக இருந்தது என்பதை நம்பக் கூடாது. சில எம்.பி.எஸ். வகைகளில் கழுத்து எலும்பும் உறுதியாக இருக்காது என்பதால் தலையை இஷ்டத்துக்குப் பின்னால் மடக்க விடமாட்டார்கள். குழாயை எடுக்கிற நேரம்தான் எங்களுக்கு அதிகப் பயம். அக்காவுக்கு நடந்ததும் அப்போதுதான்.

இன்னொரு விஷயம், பலர் கோட்டை விடுவது. எம்.ஆர்.ஐ. எடுக்க, எக்கோ எடுக்க, பிள்ளை அசையாமல் இருக்கத் தூக்க மருந்து என்று ஒரு சிரப்பைக் கொடுப்பார்கள். வெறும் ஸ்கேன்தானே என்று தலையாட்டாதீர்கள். குழாய் போட ஆள் இல்லாத அறையில் தூக்க மருந்து கொடுப்பது ஆபரேஷனைவிட மோசம்.

ராத்திரி மூச்சு நிற்பதை வீடியோ எடுங்கள். சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் முகமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி 2 நிமிஷம் போதும். அந்த வீடியோவைக் காட்டினால் எந்த மயக்க டாக்டரும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்காருவார்.

மலையோரத்து அப்பா:

அக்கா, தம்பி, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வியாழக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முன்பணம் போச்சு, போகட்டும். வீடியோ எடுத்துவிட்டேன். எடுக்கும்போது கை நடுங்கி முதல் இரண்டு தடவை சரியாக வரவில்லை.

மனைவி அக்கா எழுதியதை முழுக்கப் படித்தாள். மச்சினி பற்றி வருகிற இடத்தில் எழுந்து போய் அவளுக்கே போன் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் பேசினார்கள், நான் வெளியே ரப்பர் ஒட்டுப்பால் பிரித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு கேள்வி. அவன் முதுகில், தோள்பட்டை எலும்புப் பக்கம், வெள்ளையாகச் சின்னச் சின்ன மேடு கூட்டமாக இருக்கிறது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் இதுதானா?

குளச்சல் அக்கா:

அதுவும் இதுதான். ஹண்டருக்கு என்றே வருகிற அடையாளம், எல்லாப் பிள்ளைக்கும் இருக்காது. வலி இல்லை, ஆபத்து இல்லை. நான் சந்தன சோப்பு தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவள். பவுடரை மிச்சம் பண்ணுங்கள்.

மலையோரத்து அப்பா (2 மாதம் கழித்து):

சொல்லாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். அலைச்சலில் எழுத முடியவில்லை.

திருவனந்தபுரம் போனோம். ஒரு ராத்திரி தங்கவைத்து உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள். மணிக்கு 28 தடவை மூச்சு அடைக்கிறதாம். நான் உட்கார்ந்து எண்ணியதெல்லாம் சும்மா. காது, டான்சில், அடினாய்டு, இரண்டு பக்கக் குடலிறக்கம் எல்லாம் ஒரே மயக்கத்தில் செய்தார்கள். முந்தின நாளே மயக்க டாக்டர் வார்டுக்கு வந்து வீடியோவை மூன்று தடவை பார்த்தார். தம்பி சொன்ன மாதிரியே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துதான் பார்த்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனிடம் ஆ காட்டச் சொன்னார். என் விரல் இரண்டு நுழைகிற அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து குழாயை அன்றைக்கு எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க ஐ.சி.யூ.வில் வைத்திருந்து, வீக்கம் வடிந்தபின் மறுநாள் மதியம் எடுத்தார்கள். 6 நாளில் வீட்டுக்கு வந்தோம்.

குறட்டை முக்கால்வாசி குறைந்துவிட்டது. மூச்சு அடைப்பது குறைந்திருக்கிறது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. சிபாப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, அதற்கான குழு கூட வேண்டுமாம். அவன் என்னென்ன பேசுகிறான் என்று மனைவி ஒரு நோட்டில் 4 பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

ஜீன் டெஸ்டில் மனைவிக்கு அந்த மாற்றம் இருக்கிறது. மச்சினிக்கு இல்லை. அந்த ரிசல்ட் வரும்போது அவளுக்கு 12-வது வாரம் நடந்துகொண்டிருந்தது. போனில் சொன்னதும் அக்காவும் தங்கையும் அழுதார்கள், ஒருத்தி ஒன்றுக்கு, ஒருத்தி வேறொன்றுக்கு என்று நினைக்கிறேன். அம்மாவிடம் எக்ஸ், ஒய் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது என்று எழுந்து போய்விட்டார். ஆனால் ரத்தம் பற்றிய பேச்சு நின்றிருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. மழை தொடங்கினால் எங்கள் பக்கம் மரம் விழுந்து ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. சிபாப் நின்றுபோனால் என்ன செய்வது அக்கா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குளச்சல் அக்கா:

மச்சினி விஷயம் படித்ததும் மாதா கோவிலில் ஒரு மெழுகுதிரி வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ஓகி புயலில் எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நல்லவேளை, அப்போது இவனுக்குச் சிபாப் இல்லை. இப்போது வீட்டுக்கு வைக்கிற சாதாரண இன்வெர்ட்டர்தான் வைத்திருக்கிறோம், 150 ஏ.எச். பேட்டரி. ராத்திரி ஃபேன், லைட் எதையும் அதில் போடக் கூடாது என்று வீட்டில் சட்டம். மெஷினுக்குப் பக்கத்தில் ஈரப்பதத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற டப்பா ஒன்று இருக்கும். அதைச் சூடாக்கத்தான் கரண்ட் அதிகம் போகும். கரண்ட் போனதும் அந்தச் சூட்டை அணைத்துவிடுங்கள், பேட்டரி விடியும் வரை தாங்கும். மூக்கு கொஞ்சம் காயும், படுக்கும்போது உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து விடுங்கள். அப்படியும் பேட்டரி தீர்ந்துபோனால் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும், காற்று வராத முகமூடி முகத்தில் இருக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் புரளாமல் இருக்கத் தலையணை கொடுத்து, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திவிடுங்கள். அன்றைக்கு யாராவது ஒருத்தர் முழித்திருக்க வேண்டும்.

பேட்டரி வாங்கும்போது பில்லை மருத்துவச் செலவு ஃபைலிலேயே போட்டு வையுங்கள். எந்த மாடல் சிபாப் கொடுத்தார்கள் என்று சொன்னால், நேரே பேட்டரியில் ஓடுகிற வயர் அதற்குக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.